வயலை விட்டுப் போவது யார்?

மைசூரிலிருந்து ஹுணசூர் வழியாகப் பிரியாபட்டணா போனால், ஆகஸ்ட், செப்டம்பரில் வழியெங்கும் புகையிலை வேலை மும்முரமாக இருக்கும். அடியிலையிலிருந்து பழுக்கப் பழுக்க ஒடித்து வருவார்கள். பெண்கள் நிழலில் உட்கார்ந்து, இரண்டு மூன்று இலையாகச் சேர்த்து நூலால் குச்சியில் கட்டுவார்கள். குச்சிகளைக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு விறகுச் சூட்டில் வைத்தால், ஒரு வாரத்துக்குள் இலை பொன்னிறமாகும். சூடு ஏறியிறங்கினால் நிறம் கெடும். ஏலத்தில் விலை போகாது. அதனால் ராத்திரியும் ஆள் விழித்திருக்க வேண்டும்.

இதே இலை அமெரிக்காவின் வட கரோலினாவிலும் விளைகிறது. அங்கே பல பண்ணைகளில் இயந்திரமே இலையை ஒடித்துவிடும். மிச்ச வேலைக்கு மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் ஆள் வருகிறது. அமெரிக்க உழைப்பாளிகளில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. இந்தியாவில்? அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி 2018-19-இல் 42.5 சதவீதம், 2023-24-இல் 46.1. உலகமே இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம்.

கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பியவர்கள் ஒரு காரணம்தான். ஆனால் ஊரடங்கு முடிந்த பிறகும், 2023-24 வரை, சதவீதம் பழைய நிலைக்கு இறங்கவில்லையே! விடை பெண்களிடம் இருக்கிறது. கிராமத்தில் வேலை செய்யும் ஆண்களில் பாதிப் பேர்தான் விவசாயத்தில் இருக்கிறார்கள். பெண்களில் நாலில் மூன்று பேர். அவர்களில் பலர் வீட்டு நிலத்தில் சம்பளமில்லாமல் பாடுபடுகிறவர்கள்.

வியட்நாமைப் பாருங்கள். 2000-இல் அங்கே 60 சதவீதத்துக்கு மேல் விவசாயத்தில் இருந்தார்கள். இப்போது 30-க்கும் கீழ். துணி, காலணி, செல்போன் ஆலைகள் பள்ளிப்படிப்பு மட்டுமே உள்ள கிராமத்துப் பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன.

மைசூரும் வளராமல் இல்லை. இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் இருக்கிறது. அது பொறியியல் பட்டதாரிக்கு. நஞ்சன்கூடு தொழிற்பேட்டை இருக்கிறது; அங்கே ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு இடம் கிடைக்கலாம். இலை கட்டும் பெண்ணுக்கு எட்டக்கூடியது ஆயத்த ஆடை ஆலைதான். பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அப்படியொரு ஏற்றுமதி ஆலை 2020 ஜூனில் ஆட்குறைப்பு செய்து இழுத்து மூடியது. வேலை போனவர்கள் 1,200 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள்.

முதலீட்டாளர் மாநாடுகளில் கோடிகளை அறிவிக்கிறார்கள். பத்தாவதோடு நின்ற பெண்ணுக்கு அதில் எத்தனை வேலை என்பதையும் சேர்த்து அறிவிக்கட்டும்.