மூன்று வயதில் ஒரு தேர்வா?



ஆண்டுதோறும் கோடை பிறக்குமுன்பே மதுரை மாநகரின் காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் மஹபூப்பாளையத்திலும் உள்ள நம் இல்லங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வேனில் ஏற்றிப் பிள்ளையை நகரத்துப் பள்ளிக்கு அனுப்ப எண்ணுவோரையும் அது விட்டுவைப்பதில்லை. பெயர் பெற்ற தனியார் பள்ளியொன்றில் எல்.கே.ஜி. இடம் கிடைக்க வேண்டும். அதற்காக மூன்று வயது மழலை ஆங்கில எழுத்துக்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பழங்களுக்கும் நிறங்களுக்கும் ஆங்கிலப் பெயர் சொல்ல வேண்டும். முன்பின் அறியாதவர் கேட்டாலும் தயங்காமல் வாய் திறக்க வேண்டும். இதற்கெனத் தனிப் பயிற்சிக்கு அனுப்புவோரும் நம்மிடையே உள்ளனர்.

நல்ல பள்ளியை நாடுவது குற்றமன்று. கல்வியைத் தேடுவது நம்மீது கடமை. ஆனால் இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளை விடை சொல்லிவிடும். அத்தா கடையிலும் அம்மா அடுப்படியிலும் தமிழே பேசும் வீட்டுப் பிள்ளை விழித்து நிற்கும். அங்கே அளக்கப்படுவது குழந்தையின் அறிவன்று. பெற்றோரின் படிப்பும் பணமும்தான். தூக்கக் கலக்கமோ, பசியோ, புதுமுகம் கண்ட அச்சமோ போதும், தெரிந்த விடையும் மறந்துபோகும்.

இளம் விரல்களின் நிலை

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படத் தொடங்குகின்றன. கடைசி எலும்பின் முறை வருவதற்கு 8 வயதுக்கு மேலும் ஆகலாம். இத்தகைய பிஞ்சுக் கையில் பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது எவ்வகையில் நியாயம்? கல்வியில் பெயர் பெற்ற பின்லாந்து நாட்டில் பிள்ளைகள் 7 வயதில்தான் முதல் வகுப்பில் சேர்கின்றனர் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

மார்க்கம் காட்டும் நிதானம்

தீனின் தூணாகிய தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் பிள்ளைகளுக்கு ஏவும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதுவரை பிள்ளை பெற்றோரைப் பார்த்துப் பழகுகிறது. பின்னால் நின்று குனிந்து நிமிர்கிறது.

மஹ்மூத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் வாளியிலிருந்து வாயில் நீரெடுத்து அவர் முகத்தில் உமிழ்ந்து விளையாடினார்கள். அந்த நிகழ்ச்சியை அவர் பெரியவரான பின்னும் நினைவுகூர்ந்து அறிவித்தார். ஸஹீஹுல் புகாரியில் கல்வியைப் பற்றிய பகுதியிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. பிஞ்சு உள்ளத்தில் ஆழப் பதிவது அன்பு கலந்த விளையாட்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சட்டம் என்ன சொல்கிறது?

பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993ஆம் ஆண்டிலேயே, மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்கும்படி மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்கிறது. மீறினால் முதன்முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. நன்கொடை வாங்கினால் அத்தொகையைப் போல் 10 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் இச்சட்டம் ‘குழந்தை’ எனக் குறிப்பது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களையே. ஆகவே எல்.கே.ஜி. சேர்க்கையில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. மேலும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் பள்ளி நிர்வாகிகளுக்கு

இங்கேதான் நம் சமுதாயத்தின் பொறுப்பு தொடங்குகிறது. நம்மவர் நடத்தும் பள்ளிகளும் அந்த விலக்கின் நிழலில் நிற்கின்றன. சட்டம் விலக்களித்தால் நீதியும் விலக்களித்துவிடுமா? கல்வியில் பின்தங்கிய சமுதாயத்தைக் கைதூக்கிவிடவே கட்டப்பட்ட பள்ளியின் வாசலில், படிக்காத தாயின் பிள்ளை திருப்பி அனுப்பப்படலாமா?

இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி என்றால் குலுக்கல் முறை இருக்கிறது. பொருளைப் பணயம் வைக்காத குலுக்கல் சூதாட்டம் ஆகாது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களைப் போட்டு முடிவு செய்த வரலாற்றை ஆலு இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களும் பயணத்தில் உடன்வரும் மனைவியைச் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தார்கள். அந்த முறையால் எந்தக் குழந்தையும் ‘தகுதியற்றது’ என்ற முத்திரை பெறுவதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கவை

சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உரியவை. எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அங்கேயே இந்த ஒதுக்கீடு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்குக் குறைவாக உள்ளோர் நலிந்த பிரிவினராக விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே பெற்று வையுங்கள். கடைசி நாளில் அலைவது வீண்.

பிள்ளையைத் தயார் செய்யத்தான் வேண்டும். ஆனால் தேர்வுக்காக அன்று, பள்ளிக்காக. தன் கையால் உண்ணவும், தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கவும், கழிப்பறைக்குச் செல்ல வேண்டுமெனச் சொல்லவும் பழக்குங்கள். நன்னியின் மடியில் நபிமார்கள் கதை கேட்கட்டும். மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அழைத்துச் சென்றால் தக்காளியை எண்ணும். கத்தரிக்காயின் நிறம் சொல்லும். தாய்மொழியில் தெளிவாகப் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலமும் பின்னர் வசப்படும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. இடம் கிடைக்காவிட்டால், பிள்ளையின் காதுபட ‘நீ தோற்றுவிட்டாய்’ என்று சொல்லிவிடாதீர்கள். உறவினர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மூன்று வயதில் தோற்றவர் என்று எவரும் இல்லர்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தை அச்சத்தால் வாட்டாமல் அன்பால் வளர்த்திட வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.