காருக்கு ஒரு ஹாம் ரேடியோ: தேர்வு கூரையில் தொடங்குகிறது

டூயல் பேண்ட் மொபைல் ரேடியோ காரின் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் இருவழித் தொடர்புக் கருவி. இந்திய ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள், அதில் பயன்படுத்தும் இரண்டு பேண்டுகளும் அலைநீளத்தால் பெயர் பெற்றவை. 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 70 சென்டிமீட்டர் பேண்ட் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அமைந்துள்ளன. புயலில் செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டாலும் இரண்டு கார்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். எந்த வலையமைப்பையும் சாராத இந்தத் தன்மைதான் இக்கருவியின் பெருமதிப்பு.

இதை இயக்க உரிமம் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு அதை வழங்குகிறது. தேர்வில் வென்றவருக்கு வியூ2 அல்லது வியூ3 எனத் தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். எவ்வளவு ஆற்றலில் ஒலிபரப்பலாம், வாகனத்தில் எந்த நிபந்தனையோடு இயக்கலாம் என்பதை உரிமத்தின் தரமும் விதிகளும் முடிவு செய்கின்றன. கருவி வாங்கும் முன்பே அவற்றைப் படித்துவிட வேண்டும்.

எவ்வளவு தூரம் எட்டும்?

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. அதனால் எட்டும் தூரத்தை வாட்டைவிட உயரமே அதிகம் தீர்மானிக்கிறது. சமதரையில் 2 மீட்டர் உயர ஆன்டெனா கொண்ட இரு கார்களுக்கு இடையே கணக்குப்படி எட்டக்கூடியது சுமார் 12 கிலோமீட்டர். வீடுகளும் மரங்களும் அதையும் குறைக்கும். எதிர்முனை 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் இதே கணக்கு 47 கிலோமீட்டர் வரை நீள்கிறது. மலை உச்சிகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் ரிப்பீட்டர்கள் நிறுவப்படுவது இதனால்தான். ஓர் அலைவரிசையில் கேட்டதை மற்றோர் அலைவரிசையில் உடனே மறுஒலிபரப்பு செய்பவை அவை.

திறந்த வெளியிலும் நெடுஞ்சாலையிலும் பொதுவாக 2 மீட்டர் பேண்ட் நன்றாக எடுபடும். கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் 70 சென்டிமீட்டர் அலைகள் சன்னல்களிலும் இடுக்குகளிலும் எளிதில் புகுந்துவிடும். இரண்டு பேண்டும் தேவைப்படுவது இந்த வேறுபாட்டால்தான்.

ஆன்டெனாவும் கேபிளும்

பணத்தை முதலில் ஒதுக்க வேண்டியது ஆன்டெனாவுக்கு. 145-இன் மூன்று மடங்கு 435 என்ற பொருத்தம் இங்கே கைகொடுக்கிறது. சுமார் அரை மீட்டர் நீளக் கம்பி 2 மீட்டர் பேண்டில் கால் அலைநீளமாகவும், 70 சென்டிமீட்டர் பேண்டில் முக்கால் அலைநீளமாகவும் அமைந்துவிடுகிறது. ஒரு மீட்டரை ஒட்டிய நீள ஆன்டெனாக்கள் அலையை அடிவானத்தை நோக்கிக் குவிப்பதால் சமவெளிப் பயணத்துக்கு ஏற்றவை. எதிர்முனை தலைக்கு மேலே இருக்கும் மலைச்சாலையில் குட்டையான ஆன்டெனாவே பல நேரம் மேல்.

சிறந்த இடம் கூரையின் நடு. அங்கே கூரைத் தகடு ஆன்டெனாவின் மறுபாதியாகச் செயல்பட்டு, நாற்புறமும் சீரான வீச்சைத் தருகிறது. காந்த மவுண்ட் துளையிடாமல் ஒட்டிக்கொள்ளும். அலுமினியக் கூரையிலும் கண்ணாடிக் கூரையிலும் ஒட்டாது. அத்தகைய கார்களுக்கு பானெட் அல்லது டிக்கி விளிம்பில் பொருத்தும் மவுண்ட் உதவும்.

கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்வது நல்லது. ஆர்ஜி-58 வகைக் கேபிள் 5 மீட்டர் ஓடினால் 2 மீட்டர் பேண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலும், 70 சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கும் வழியிலேயே வீணாகும். கேட்கும்போதும் இதே இழப்புதான். பொருத்தி முடித்ததும், ஆன்டெனாவிலிருந்து ஆற்றல் எந்த அளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரால் இரண்டு பேண்டிலும் அளந்து பார்க்க வேண்டும். 1.5-க்குள் இருந்தால் நன்று. 3 என்று காட்டினால் ஆற்றலில் கால் பங்கு திரும்பி வருகிறது. கம்பியின் நீளத்தையோ இணைப்பையோ சரிசெய்யாமல் ஒலிபரப்பக் கூடாது.

கருவியில் பார்க்க வேண்டியவை

ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளைக் கேட்க முடியுமா என்பது முதல் கேள்வி. கென்வுட் டிஎம்-வி71, ஐகாம் ஐசி-2730 போன்றவற்றில் முடியும். யேசு எஃப்டிஎம்-6000 இரண்டு பேண்டிலும் இயங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே கேட்கும். ரிப்பீட்டரையும் உடன்வரும் காரையும் சேர்த்துக் கவனிக்க விரும்புபவர் முதல் வகைக்குக் கூடுதல் பணம் தரலாம்.

முகப்பைக் கழற்றித் தனியே பொருத்தும் வசதி இன்றைய சிறிய கார்களுக்கு மிகத் தேவை. உடற்பகுதியை இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ வைத்துவிட்டு, முகப்பை மட்டும் டேஷ்போர்டில் வைக்கலாம். டிஜிட்டல் குரல் வேண்டுமென்றால் சுற்றியுள்ள ஹாம்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் கேட்டறிய வேண்டும். டி-ஸ்டார், சி4எஃப்எம், டிஎம்ஆர் ஆகிய முறைகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாதவை. சாதாரண எஃப்எம் எல்லோருக்கும் பொது.

50 வாட் பலருக்குக் கவர்ச்சி. ஆனால் ஆற்றலை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 25 வாட்டுடன் நல்ல ஆன்டெனா இருந்தால், 50 வாட்டுடன் மோசமான ஆன்டெனா கொண்ட காரை அது எளிதில் விஞ்சும்.

மின்சாரமும் பொருத்துதலும்

50 வாட்டில் ஒலிபரப்பும் கருவி 10 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் இதற்கு ஏற்றதல்ல. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட வேண்டும். வழியில் வயர் உரசித் தகட்டில் பட்டால் தீயைத் தடுப்பது அந்த ஃபியூஸ்தான். 4 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் மின்னழுத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் உள்ள புதிய கார்களில், கறுப்பு வயரைப் பேட்டரி முனையில் இணைக்காமல் கார் தயாரிப்பாளர் காட்டும் பாடி எர்த்தில் இணைப்பது முறை.

ஏர்பேக் விரியும் இடங்களில் முகப்போ மைக்கோ வயரோ இருக்கக் கூடாது. நீண்ட நேரம் பேசும்போது உடற்பகுதி கடுமையாகச் சூடேறும் என்பதால் அதைச் சுற்றிக் காற்றோட்டம் தேவை. எஞ்சின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால் அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. தளர்ந்த எர்த் இணைப்பை இறுக்குவதில் தொடங்கலாம்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலுக்குள் சேர்த்திருக்கிறது. மைக்கை உடன் பயணிப்பவரிடம் கொடுப்பதும், தனியே போகும்போது வண்டியை ஓரங்கட்டிப் பேசுவதுமே பாதுகாப்பான வழக்கம்.

செலவைத் திட்டமிடும்போது ஆன்டெனா, மவுண்ட், கேபிள், வயர், ஃபியூஸ் ஆகியவற்றுக்கான தொகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நடுத்தர விலைக் கருவியைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். கூரையிலும் பேட்டரியிலும் செய்த நல்ல வேலை அடுத்த கருவிக்கும் அப்படியே பயன்படும்.