ஒலிப்பேழையிலிருந்து கணினிக்கு: பேச்சுத் தமிழ்ப் பதிவுகளைக் காத்தல்

எழுத்து, மொழியின் முழு உருவத்தையும் காட்டுவதில்லை. 'மரம்' என்று நாம் எழுதுகிறோம். இயல்பான பேச்சிலோ இறுதி மகர மெய் மறைந்து, அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகின்றது. 'பழம்' என்பதைப் பலர் 'பளம்' என்றே ஒலிக்கின்றனர். இவற்றுக்கு ஒலிப்பதிவே உறுதியான சான்று. மலேசியத் தோட்டப்புறங்களில் வழங்கிய பெரட்டு, கித்தா, சடக்கு முதலிய சொற்களை அகராதியில் ஏற்றிவிடலாம். ஆனால், பால்மரம் வெட்டிய ஒரு முதியவர் அவற்றை எவ்வகை ஏற்ற இறக்கத்துடன் மொழிந்தார் என்பதை அகராதியால் காக்க இயலாது.

அக்குரல்களுட் பல, 1963இல் அறிமுகமான கேசட் எனும் ஒலிப்பேழைகளில் உறங்குகின்றன. பேழையினுள் இருப்பது நெகிழி நாடாவின்மேல் பசையால் பிணைக்கப்பட்ட காந்தத் துகள் படலமாகும். நம் வட்டாரத்தின் வெப்பமும் ஈரப்பதமும் அப்பசையைத் தளர்த்தும், பூஞ்சையையும் வளர்க்கும். நல்ல நிலையிலுள்ள இயக்கிகளும் அருகி வருகின்றன. ஆகவே, இப்பணி காலத்தோடு செய்ய வேண்டியதாகும்.

முதற்படி, பேழையை ஆய்தல். பூஞ்சை படர்ந்திருப்பின் அதனை இயக்காமல் வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பேழையின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு தடுப்புகளையும் உடைத்துவிட்டால், தவறுதலாக மேற்பதிவு நேராது. பின்னர், நாடாவை இறுதிவரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்றினால் அதன் இறுக்கம் சீராகும். இயக்கியின் ஒலிமுனையைத் தூய்மைப்படுத்துவதும் இன்றியமையாதது.

அடுத்தது, ஒலிமுனையின் சாய்வு. பதிவு செய்த கருவியின் சாய்வும் இயக்கும் கருவியின் சாய்வும் ஒத்திராவிடின், உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கிவிடும். ஒலிமுனையின் அருகிலுள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, 'ச' ஒலியின் சீறல் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

இயக்கியைக் கணினியின் ஒலிவாங்கித் துளையில் இணைத்தல் தகாது. மெல்லிய குறிப்பலைகளைப் பெருக்குவதற்கென்றே அமைந்த அத்துளை, இயக்கியின் வலிய அலைகளைச் சிதைத்துவிடும். யுஎஸ்பி வழி இணையும் தனி மாற்றுக் கருவியே ஏற்றது. ஒலியளவு உச்ச எல்லையைத் தொடாதிருக்க வேண்டும்; எல்லை கடந்து வெட்டுண்ட அலையை உள்ளவாறே மீட்க இயலாது.

கணினி, ஒலியலையை நொடிக்குப் பன்முறை அளந்து எண்களாக்குகின்றது. அளவீட்டு எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பதிவாவதில்லை. 'ச', 'ஸ' போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரிதும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் அமைவதால், குறைந்த அளவீடு மொழியாய்வுக்கு உதவாது. நொடிக்கு 48,000 அளவீடுகள், 24 பிட் நுட்பம், வேவ் கோப்பு என்பன ஏற்ற தரமாகும். ஒரு மணி நேர ஒற்றைத்தட ஒலிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் இடம் போதும். எம்பி3 வடிவம் ஒலியின் சில கூறுகளை நீக்கியே கோப்பைச் சுருக்குகின்றது; அது கேட்பதற்குரிய படியாகலாம், மூலமாகாது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளும் அத்தகையதே. நாடாவின் இரைச்சலும் உரசொலிகளும் ஒரே அதிர்வெண் பகுதியில் உறைவதால், ஒன்றை அகற்றும்போது மற்றதும் தேயும். ஆதலால், மூலக் கோப்பைத் தொடாது அதன் படியொன்றையே துப்புரவாக்க வேண்டும். மூலத்தை மூன்று படிகளாக, இருவகைச் சேமிப்பகங்களில், ஒன்றையேனும் வேறிடத்தில் வைத்தல் நன்று. பேழையையும் எறிந்துவிடலாகாது.

பேசியவர் யார், எவ்வூரினர், எந்த ஆண்டு என்னும் குறிப்புகள் இல்லாத பதிவு, முகவரியற்ற மடல் போன்றது. பேசியவரோ அவர்தம் குடும்பத்தாரோ இசைந்த அளவிலேயே அதனைப் பிறர் கேட்கச் செய்தல் அறம்.

நாடாவைக் கணினிக்கு மாற்ற இன்னும் சில ஆண்டுகள் வாய்க்கலாம். ஆனால், அக்குரல் யாருடையதெனக் கேட்டவுடன் சொல்லக்கூடிய மூத்தோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் இல்லங்களிலுள்ள பேழைகளை எடுத்து, அவர்களிடம் கேட்டு, முதலில் பெயர்களை எழுதி வைப்போமாக.