மேலே போற பஸ்ஸா, கீழே போற பஸ்ஸா?

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கிலோமீட்டர். அதில் யாருக்கும் தகராறு இல்லை. “எத்தனை நேரமாகுமுங்க?” என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். கார்க்காரர் முக்கால் மணி என்பார், பஸ்ஸில் போகிறவர் ஒண்ணேகால் மணி என்பார். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய்வரும் என்னைக் கேட்டால், “எங்கிருந்து எங்கே?” என்று திருப்பிக் கேட்பேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 40 நிமிஷம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 80-இல் போனாலும் 30 நிமிஷம். மிச்சம் பத்தே நிமிஷம். உக்கடத்தில் இறங்கி காந்திபுரத்துக்கு டவுன் பஸ் பிடிப்பதற்குள் அது போய்விடும். நடுவில் நாலுவழிச் சாலை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. நேரம் கரைவதெல்லாம் இரண்டு முனைகளில். 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்தபிறகு கோவை முனையில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

நடுவழியில் ஒரே ஒரு சிக்கல், கிணத்துக்கடவு. நாலுவழிச் சாலை போட்டபோது ஊருக்கு மேலே பாலம் கட்டிவிட்டார்கள். பாலத்தில் ஏறும் பஸ்ஸுக்கு நேரம் மிச்சம். கீழே சர்வீஸ் ரோட்டில் காத்திருப்பவருக்கோ பஸ்ஸே இல்லை. அதனால் உக்கடத்தில் ஏறும்போதே, “கீழ போகுமுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிணத்துக்கடவுக்காரர்கள் படியில் கால் வைப்பார்கள். “பாயிண்ட் டு பாயிண்ட்ங்க, அடுத்த வண்டில வாங்க” என்று கண்டக்டர் கையை ஆட்டிவிடுவார். என்னைக் கேட்டால், எல்லா பஸ்ஸும் கீழே போகட்டும் என்பேன். சில நிமிஷத்தில் நமக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தனியார் பஸ்ஸின் கதை வேறு. பெர்மிட்டிலேயே புறப்படும் நேரம் குறித்திருக்கும். ஸ்டாண்டை விட்டதும் ஆள் சேர்க்க ஊர்ந்துகொண்டே போவார்கள். பின்னால் அடுத்த வண்டி தெரிந்ததும் பறப்பார்கள். ஈச்சனாரி வரை நகராத வண்டி, ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைக்கும்.

ரயிலும் உண்டு. போத்தனூர் - பொள்ளாச்சிப் பாதை 1915-இல் வந்தது. அகலப்பாதையாக்க நிறுத்தி, 2017-இல்தான் மறுபடி ஓட விட்டார்கள். சிக்னல் தொல்லை இல்லை, டிக்கெட்டும் மலிவு. ஆனால் நம் நேரத்துக்கு வண்டி வேண்டுமே! ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ் அமைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை. அன்றைக்குக் கேரளாவுக்கு மாடு ஏற்றிப் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் காவடியோடு சாலையோரம் வரிசையாக நடப்பார்கள். டிரைவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த வாரத்தில் யார் கேட்டாலும் ரெண்டு மணி நேரம் என்றே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் வந்துவிட்டோமே என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை.