கோதுமை விலகிய கீஷ்

பிரான்சு தேசத்தின் வடகீழ்த் திசையிலே, வோஜ் மலைத்தொடரை அடுத்துக் கிடக்கும் எல்லை நாடு லொறேன். வரலாறு பயிலும் மாணவர் அதனைப் போர்களோடு சேர்த்தே அறிவர். 1766இல் பிரெஞ்சு முடியோடு இணைந்த அந்நாட்டின் ஒரு கூறு 1871இல் செருமானியர் வசமாயிற்று; 1918இல் மீண்டது. படைகள் வந்தும் போயும் இருந்த அந்த மண்ணில் இரு மொழிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வாழ்ந்தன. அவ்வுரசலிற் பிறந்த சொற்களுள் ஒன்று 'கீஷ்'. அப்பத்தையும் பணியாரத்தையும் குறிக்கும் 'கூகென்' என்ற செருமானியச் சொல்லே லொறேன் மக்களின் நாவிலே திரிந்து கீஷ் ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர்.

பண்டம் எளியது. வட்டமான தட்டிலே மாவினால் ஓர் ஓடு அமைப்பர். அதனுள் முட்டையையும் பாலேட்டையும் அடித்துக் கலந்த கலவையை வார்ப்பர். உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சித் துண்டுகளைத் தூவிப் போறணையில் வேகவைப்பர். முட்டையும் பாலேடும் சேர்ந்த அக்கலவைக்கு லொறேன் மக்கள் 'மிகேன்' எனத் தனிப் பெயரிட்டிருக்கின்றனர். ஓட்டுக்கு அத்தகைய தனிப்பெயர் ஒன்றுமில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆதியில் பாண் சுடுவதற்குப் பிசைந்த மாவே ஓடாக அமைந்தது. வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த நொறுங்கு மா பின்னர் வந்தது. பாற்கட்டி சேர்ப்பது மரபன்று என்று லொறேன் முதியோர் இன்றும் வாதிடுவர். வெங்காயம் சேர்த்தாலோ, அது பக்கத்து அல்சாஸ் நாட்டார் பண்டமாகிவிடும்!

இப்பண்டத்தைத் தொட முடியாதவர் சிலர் அந்த நாடுகளில் இருக்கின்றனர். ஐரோப்பியருள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் 'சீலியாக்' என்னும் குடல்நோய்க்கு ஆளானவர் என மருத்துவ நூலார் கணிக்கின்றனர். கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் அவர்களுக்கு நஞ்சு. அது உட்சென்றால் உடலின் காவற்படை தன் சிறுகுடலையே பகையெனக் கருதித் தாக்குகிறது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. உண்டது உடலிற் சேராமல் குழந்தை மெலிகிறது. வயிறு மட்டும் புடைத்து நிற்கிறது.

மூன்று வேளையும் பாண் மேசைமீது கிடக்கும் வீட்டில் பாணை விலக்கி வாழ்வது எத்துணை அரிது என்பதை, இடியப்பத்தையும் பிட்டையும் அரிசி மாவில் அவித்து உண்டு வளர்ந்த நாம் எளிதில் உணரமாட்டோம். பசி அங்கே பெருந்துன்பமன்று. உருளைக்கிழங்கும் இறைச்சியும் பழமும் வயிற்றை நிரப்பிவிடும். பிறந்தநாளிலும் பண்டிகையிலும் எல்லாரும் ஒரே தட்டிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளும்போது, ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறொரு கிண்ணம் வைக்கப்படுகிறதே, அதுதான் துன்பம். பொதுத்தட்டிலே அந்தப் பிள்ளைக்கும் ஒரு துண்டு உண்டாக வேண்டும் என்ற விருப்பமே உருளைக்கிழங்கு ஓட்டிற்கு வழிகாட்டியது என்று கொள்ளலாம்.

இந்நோயின் காரணத்தை மனிதர் கண்டுகொண்ட கதை, சமையற் குறிப்பினும் சுவையானது. இலண்டன் மாநகரின் சிறுவர் வைத்தியசாலையில் 1887இல் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இந்நோயைக் குறித்து ஒரு விரிவுரை நிகழ்த்தினார். நோயாளி குணமடையக்கூடுமாயின் அது உணவினாலேயே நிகழும் என்று அவர் துணிந்தார். ஒல்லாந்து தேசத்துச் சிப்பி ஊனை நாள்தோறும் உண்ட ஒரு குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியதையும், சிப்பிக்காலம் கழிந்ததும் மீண்டும் நலிவுற்றதையும் அவர் கண்டார். ஆனால் சிப்பியின் இடத்தில் எது வந்து புகுந்தது என்ற வினா அவருக்கு எழவில்லை. குழந்தையைக் காத்தது சிப்பியன்று, சிப்பி விலக்கிவைத்த வேறேதோ உணவு என்ற எண்ணம் தோன்ற இன்னும் அரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

1924இல் நியூயோர்க் நகரத்து வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை மருந்தாக்கினார். பிள்ளைகள் பிழைத்தனர். எனினும் அவர் விலக்கிய உணவுகளின் வரிசையில் பாணுடன் உருளைக்கிழங்கும் இடம்பெற்றது. மாப்பொருள் அனைத்தும் குற்றவாளிக் கூண்டில் நின்ற காலம் அது. ஒரு பாவமும் அறியாத கிழங்கு கோதுமையோடு சேர்ந்து தண்டனை பெற்றது.

அக்கிழங்கை விடுவித்தவர் ஒல்லாந்தரான வில்லெம் கரெல் டிக்கே. 1905இல் பிறந்த இவர், முப்பது வயதைக் கடந்ததுமே ஹேக் நகரிலுள்ள ஜூலியானா சிறுவர் வைத்தியசாலையின் தலைவரானார். பாணை நிறுத்தியபோது தன் பிள்ளை தேறியதாகவும் மீண்டும் கொடுத்தபோது நோய் திரும்பியதாகவும் ஒரு தாய் கூறிய செய்தியே அவருடைய ஐயத்தைத் தூண்டியது எனச் சொல்லப்படுகிறது. வைத்தியர்கள் தாய்மாரின் பேச்சைக் காதில் வாங்காத காலத்திலும் டிக்கே வாங்கினார். அதுவே அவர் பெருமை. 1941இல் கோதுமை நீக்கிய உணவைப் பற்றித் தம் முதற் கட்டுரையையும் வெளியிட்டார்.

பின்னர் வந்தது 1944ஆம் ஆண்டின் இறுதியிலும் 1945இன் தொடக்கத்திலும் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியை வாட்டிய பஞ்சம். அந்நாட்டார் அதனைப் 'பசிப் பனிக்காலம்' என்றே வழங்குவர். செருமானியப் படை உணவு வழிகளை அடைத்தது. மக்கள் துலிப் மலரின் கிழங்குகளைத் தோண்டி அவித்துத் தின்றனர். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். ஊரெல்லாம் நலிந்த அந்நாட்களில், வைத்தியசாலையிலிருந்த சீலியாக் குழந்தைகளோ பாணில்லாமையால் நலமுற்றனர். விடுதலையோடு பாண் திரும்பியது. நோயும் உடன் திரும்பியது. பஞ்சமே நோயின் காரணத்தை முதன்முதற் காட்டியது என்று பலர் எழுதுவர். அது சரியன்று. டிக்கே முன்னரே கொண்டிருந்த கருத்தைப் பஞ்சம் உறுதிப்படுத்தியது என்பதே பொருந்தும்.

யுத்தம் முடிந்தபின் அவர் குழந்தைகளுக்கு வெவ்வேறு தானியங்களை முறைப்படி மாற்றி மாற்றிக் கொடுத்து ஆராய்ந்தார். 1950இல் உட்றெக்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு ஏற்கப்பட்டது. வான் டெ காமர், வெய்யர்ஸ் என்னும் இருவர் அவருக்குத் துணைநின்றனர். 1952இல் பேர்மிங்ஹாம் நகரத்தில் ஷார்லட் அண்டர்சனும் அவருடன் உழைத்தோரும் கோதுமையின் மாப்பொருள் தீங்கற்றது, அதன் புரதமே தீங்கானது என்று காட்டினர். உருளைக்கிழங்கின் மீதிருந்த பழி இவ்வாறு நீங்கிற்று. டிக்கே 1962இல், ஐம்பத்தேழாம் வயதிலேயே காலமானார்.

இனி அடுக்களைக்குட் புகுவோம். நோயாளிக்குப் பகையான குளூட்டனே சமையற்காரனுக்கு உற்ற நண்பன். கோதுமை மாவை நீர்விட்டுப் பிசையும்போது அப்புரதம் வலைபோலப் பின்னி இழுபடுகிறது. மெல்லியதாக உருட்டினாலும் கிழிவதில்லை. அரிசி மாவில் இது இல்லை. ஆதலாற்றான் இடியப்பத்துக்கு மாக் குழைக்கும் நம் தாய்மார் கொதிநீர் விடுகின்றனர். சூட்டினால் மாப்பொருள் வீங்கிப் பசையாகிறது. அப்பசையே மாவைப் பிணைக்கிறது. பிணைப்பு இருவகை என்று இதனை வகுக்கலாம்: ஒன்று பிசைவதனால் வருவது, மற்றது சூட்டினால் வருவது. உருளைக்கிழங்கு ஓடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதை மனத்திற் கொண்டவர் கைப்பக்குவத்தின் பாதியைக் கற்றவராவர்.

மறுபாதி, நீரை வெல்வது. உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்நீர் ஓட்டிலே தங்கினால் ஓடு பொரியாது, அவியும். அவிந்த ஓட்டில் வார்த்த முட்டைக்கலவை அடியிற் கசிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே 24 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டுக்கு 700 கிராம் மாப்பிடிப்பான கிழங்கை எடுத்துத் தோலுரித்து விரைவாகத் துருவுக. தாமதித்தால் துருவல் காற்றுப்பட்டுக் கறுக்கும். அரைத் தேக்கரண்டி உப்பை விரவிப் பத்து நிமிடம் விட்டால் உப்பு நீரை வெளியே இழுக்கும். பின்பு மெல்லிய சீலையிற் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேலே பிடித்து, கை நோக முறுக்கிப் பிழிய வேண்டும். போதும் என்று தோன்றியபின் இன்னுமொரு முறை பிழிக.

பிழிந்த நீரை உடனே கொட்டிவிடலாகாது. ஐந்து நிமிடம் அசையாது வைத்தால் அடியில் வெண்ணிறமான மா உறைந்து படியும். மேல்நீரை மெதுவாக வடித்துவிட்டு அந்த மாவைத் துருவலோடு சேர்க்க வேண்டும். மேலே கூறிய பசையை அளிப்பது அதுவே. பல குறிப்புகள் இதனைச் சொல்லாமலே விட்டு, சோள மாவை வாங்கிச் சேர்க்கச் சொல்கின்றன. கையிலுள்ளதை வீசிவிட்டுக் கடைக்குப் போவானேன்? ஒரு முட்டையின் வெண்கருவும், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியும், சிறிது மிளகும் இதனுடன் சேரும்.

தட்டில் வெண்ணெய் பூசித் துருவலை அடியிலும் ஓரங்களிலும் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பாக அழுத்துக. ஓரமும் அடியும் சந்திக்கும் மூலையில் துருவல் தடித்துவிடுவது இயல்பு. அங்கே விரலால் நன்கு ஒதுக்காவிட்டால் அம்மூலை வேகாமல் நின்றுவிடும். போறணையை 210 பாகை சென்ரிகிறேட்டுக்குச் சூடாக்கி, வெற்றோட்டை மட்டும் முப்பது நிமிடம் வரை வேகவைக்க வேண்டும். ஓரம் பொன்னிறத்தைக் கடந்து சற்றே கபில நிறம் கொள்ளவேண்டும். கலவை வார்த்தபின் ஓடு மேலும் முறுகாது. ஆதலால் இப்போதே முறுக வேண்டும். சூடாயிருக்கும்போதே உள்ளே வெண்கருவைத் தூரிகையாலோ விரலாலோ மெல்லப் பூசி, இரண்டு நிமிடம் மீண்டும் போறணையில் வைத்தால் இடைவெளிகள் அடைபடும்.

மிகேனுக்கு நான்கு முட்டை, 200 மில்லிலீற்றர் பாலேடு, 100 மில்லிலீற்றர் பால், சிறிதளவு உரைத்த சாதிக்காய் போதும். நுரை எழ அடிக்க வேண்டியதில்லை. நுரை மேலே பொங்கிப் பின் குழிவிழும். பன்றியிறைச்சியை விலக்குவோர் வெண்ணெயில் வதக்கிய லீக்ஸைச் சேர்க்கலாம். ஆனால் அதன் நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். சூட்டை 170 பாகைக்குத் தணித்து முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் வைக்க. தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் தளும்பாமல் நடுங்க வேண்டும். அப்போதே வெளியே எடுத்துவிடுக. முழுவதும் இறுகும்வரை காத்திருந்தால் முட்டை திரிந்து நீர் விடும். பிழிந்து துரத்திய நீர் வேறு வழியாக ஓட்டுக்குத் திரும்பிவிடும்.

'கோதுமை ஓடில்லாத இது கீஷ் ஆகுமா?' என்று கேட்போருண்டு. பாண் மாவிலிருந்து வெண்ணெய் மாவுக்கு ஓடு மாறியபோதும் பெயர் மாறவில்லை என்பதை மேலே கண்டோம். கிழங்கும் லொறேனுக்கு அந்நியமன்று. பாரிஸ் நகரத்தில் பார்மன்டியே என்பவர் கிழங்கின் பெருமையைப் பரப்பப் பாடுபட்டது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். வோஜ் மலைக் குடியானவரோ அதற்கு முன்னரே அதனைப் பயிரிட்டு உண்டு வந்தனர். துருவிய கிழங்கை முட்டையோடு கலந்து சட்டியிற் பொரிக்கும் பணியாரம் அம்மலைநாட்டின் பழைய உணவு. அந்தத் துருவலையும் மிகேனையும் ஒரே தட்டில் வைப்பதை ஒரே ஊரார் இருவரின் திருமணமாகக் கருதலாமேயன்றி, மரபுக் கேடெனக் கருதுவதற்கில்லை. வெண்ணெய் மாவின் நொறுங்கும் மென்மை இதில் இராது என்பது உண்மை. அதற்கு ஈடாக அடியிலே முறுகலும் நடுவிலே மென்மையும் கலந்த வேறொரு சுவை கிட்டும். ஆயின் அது ஒன்றைப் போன்ற போலியன்று, வேறொன்று. போலியென விற்கப்படும் கோதுமையற்ற மாக்கலவைகளிலும் இதனையே நாம் விரும்புவோம்.

ஒன்று எஞ்சியிருக்கிறது, அதுவே தலையாயது. ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் உண்டு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அத்துண்டின் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் உட்சென்றாலே குடல் பழுதுபடுவதை 2007இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. குளூட்டனற்றது எனப் பெயரிட்டு விற்கும் உணவில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்று ஐரோப்பிய நாடுகளின் சட்டம் விதித்திருப்பதும் இதனாலேயே. எனவே கிழங்கைப் பிழியும் சீலை, முன்னே பாண்மா மூடிய சீலையாக இருத்தலாகாது. துருவியின் பற்களையும் தட்டின் மடிப்புகளையும் கழுவி உலர்த்தியே எடுக்க வேண்டும். பதப்படுத்திய இறைச்சியின் உறையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக்கூடாது; சிலவற்றில் கோதுமை மா மறைந்திருக்கும். அதே மேசையில் கோதுமைக் கீஷும் வைப்பதாயின், இரண்டுக்கும் இரு கத்திகள் வேண்டும்.

போறணையிலிருந்து எடுத்தபின் பதினைந்து நிமிடம் ஆறவிட்டே வெட்டுக. சுடச்சுட வெட்டினால் துண்டு நிற்காது சரியும். மறுநாளைக்கு எஞ்சினால் போறணையிலேயே பத்து நிமிடம் சூடாக்குக. மூடிவைத்துச் சூடாக்கினால் ஓடு நனைந்துபோகும்.