ஆயில் குடிக்கும் வண்டியும் வாரண்டியும்



மளிகைக் கடையானாலும் மொத்தக் கடையானாலும் சரக்கு ஏற்றி இறக்கச் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருப்போர் நம்மில் பலர். டீசல் கணக்கைத் தவறாமல் எழுதும் நாம், இன்ஜின் ஆயில் கணக்கை எழுதுவதில்லை. "அண்ணாச்சி, ஆயில் குறையுது" என்று டிரைவர் சொன்னால் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, ஒரு டப்பா வாங்கி ஊற்றச் சொல்லிவிடுகிறோம். வாரண்டியில் உள்ள வண்டிக்கு இப்படிச் செய்வது நமக்கே நஷ்டம். ஊற்றிய ஆயிலுக்குச் சாட்சி இல்லையென்றால், குறை இருந்தது என்பதற்கும் சாட்சி இல்லை.

எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் நின்றால்தான் பிஸ்டன் தேயாமல் ஓடும். அதில் ஒரு பங்கு எரிந்து போவது இயற்கை. எவ்வளவு வரை இயற்கை என்பதில்தான் தகராறு வருகிறது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று கையேட்டிலேயே அச்சிட்டுவிட்ட நிறுவனங்களும் உண்டு. ஆகவே முதலில் நம் வண்டியின் கையேட்டில் அந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆயில் வெளியே கசியலாம், அல்லது உள்ளே எரியலாம். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்தால் (நம் கடையில் அட்டைக்கா பஞ்சம்!) காலையில் கசிவு தெரிந்துவிடும். கசிவு இல்லையென்றால் புகையைப் பார்க்கலாம். நீலம் கலந்த புகை, ஆயில் எரிவதன் அடையாளம். காலையில் கிளப்பியவுடன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம். சுமையோடு மேடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தோ கரி பிடித்தோ இருக்கலாம். அளவுக்கு மேல் ஊற்றினாலும், கையேட்டில் சொல்லாத கிரேடை ஊற்றினாலும் செலவு கூடும். கண்ணுக்குப் புகை தெரியாமலே எரிவதும் உண்டு.

எனவே அளந்துதான் பார்க்க வேண்டும். கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் ஆயிலை மாற்றி, ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை ஜாப் கார்டில் எழுதி வாங்க வேண்டும். ஆயில் மூடியிலும் அடி போல்ட்டிலும் அடையாளம் வைக்கச் சொல்லலாம். 1,000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில், சமதரையில் நிறுத்தி, மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி பிடித்தது என்று பார்க்கிறார்கள். 18,400 கி.மீ.யில் நிரப்பியதற்கு 19,400ல் 800 மில்லி பிடித்து, கையேட்டு வரம்பு 500 என்றால், வாதத்துக்கு இடமில்லை. இடையில் வெளியே ஆயில் ஊற்றக் கூடாது. ஆனால் ஸ்டிக்கைத் தினமும் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டை நெருங்கினால் நேராக சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும். ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால் பழி நம் தலையில் விழும்.

வாரண்டி என்பது ஆண்டுக் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடியும். நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் கிலோமீட்டர்தான் முந்தும். "கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். "ஆயில் குறைகிறது" என்ற புகார் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். வாரண்டி முடிந்தபின் பேச அந்தக் காகிதமே ஆதாரம். பழகிய மெக்கானிக் என்று வெளியே இன்ஜினைப் பிரித்துவிட்டாலோ, சர்வீஸைத் தள்ளிப்போட்டாலோ கம்பெனி மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியதற்கு அச்சட்டத்திலேயே விலக்கு உண்டு. தானே ஓட்டுபவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று 1995ல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்றே வாங்கினால் அந்தச் சலுகை இல்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. நான்கைந்து வண்டி, சம்பள டிரைவர்கள் என்று நடத்தும் மொத்த வியாபாரிகள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பார்க்கலாம்.