பூமலையில் உருவான பால்வெட்டு

தமிழர்கள் பூமலை என்றழைத்து வந்த சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா, காலாற நடப்பதற்கான இடம் மட்டுமன்று. தோட்டப்புறத் தமிழரின் விடியற்காலைப் பொழுதை நிர்ணயித்த தொழில்முறை அங்கேதான் உருவானது.

1877-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரங்கள் வளர்ந்தன. ஆனால் பால் எடுப்பது எப்படி? பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தினார்கள், மரம் நலிந்தது.

1888-இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, அந்த மரங்களிலேயே பலவிதமாக வெட்டிப் பார்த்தார். பால்குழாய்கள் பட்டையில் உள்ளன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல் பட்டையை மெலிதாகச் சீவினால் புதுப்பட்டை வளரும். அதே வெட்டை மீண்டும் மீண்டும் சீவினால் பால் கூடும். வெயில் ஏறுமுன் சீவினால் இன்னும் நல்லது.

காப்பித் தோட்டக்காரர்கள் நம்பவில்லை. 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பட்டம் சூட்டினார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சே யான்தான் துணிந்து நட்டார்.

ரிட்லி கண்டது முறை. அதை நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் தினமும் செய்து காட்டியவை பால்வெட்டுத் தொழிலாளரின் கைகள். அவற்றில் பல, தமிழ்ப் பெண்களுடையவை. கத்தி சற்றே ஆழமாக இறங்கினால் பட்டை முண்டுமுண்டாகி, மறுபடி சீவ முடியாமல் போய்விடும். கங்காணியின் ஏச்சு வேறு.